மலைமேல் காய்த்த பலா

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
18.5.2012

அன்பு மகள் பவானிக்கு உன் அம்மா தங்கம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கத்திரி வெயிலில் வெந்துகொண்டு, ஆனாலும் சாமி புண்ணியத்தில் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் அந்த மலைமேல் சளி, இருமல், அட்டைக்கடி எதுவும் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் பேசலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உன் அண்ணன் கிண்டல் செய்கிறான். அவனுக்கு என்ன தெரியும். டவர் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று நீ பேசினால் பாதி உன் பேச்சு, பாதி காற்று. நான் ஆங், ஆங் என்று கத்துவேன், பக்கத்து வீட்டுக்கெல்லாம் நம் விஷயம் தெரிந்துவிடும். இப்போது சொல்ல வேண்டியது கத்திச் சொல்கிற விஷயமும் இல்லை. போன மாதம் என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தாயே, அப்பாகிட்ட நீயே சொல்லிடும்மா என்று, அதை நான் எப்படிச் செய்தேன், அவர் என்ன சொன்னார் என்பதை முதலில் இருந்து எழுதுகிறேன். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. சின்ன வயதில் இருந்தே உனக்கு அந்தப் புத்தி.

முதலில் வீட்டுச் செய்தி. கரண்ட் இப்போது ஒழுங்காக வருகிறது, அதாவது ஒழுங்காகப் போகிறது, போகிற நேரம் எல்லாருக்கும் மனப்பாடம். மார்கழிப் புயலில் பறந்துபோன மாடி ஷீட்டுக்கு வேறு ஷீட் போட்டாயிற்று. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வாயில் போடுகிற வரை நான் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். உன் அண்ணன் செந்தமிழ்செல்வன் சிதம்பரத்தில் செல்போன் கடையை மேலவீதியில் இருந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மாற்றிவிட்டான், வியாபாரம் பரவாயில்லை என்கிறான், ஆனால் ஆட்டோ சத்தத்தில் காது போய்விட்டது என்று அவன் வீட்டுக்காரி சொல்கிறாள். நான் சொல்வதற்கெல்லாம் ம், ம் என்று தலையாட்டினானே, அது காதால் வந்த பணிவு என்று இப்போதுதான் தெரிகிறது.

அண்ணாகிராமத்துத் தோப்பை நீ புயலுக்கு மறுவாரம் வந்து பார்த்ததுதான். முந்திரி ஒன்றுகூட நிற்கவில்லை, பலாவும் வேரோடு பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது, கிணற்று மேட்டில் இருந்த என் மரமும் சேர்ந்துதான். எங்கள் பிறந்த வீட்டில் பெண் எந்த ஊருக்குப் போனாலும் அவளோடு ஒரு பலாக்கன்று போகும். நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று அது, உன் அண்ணனையும் உன்னையும் சுமந்துகொண்டு நான் அதற்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். நான் ஒரு நாள் அழுதேன், முடித்துக்கொண்டேன். உன் அப்பாவால் அது முடியவில்லை. தினமும் காலை பஸ்ஸில் பண்ருட்டி போய் அங்கிருந்து தோப்புக்குப் போவார், விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருப்பார், வெயில் ஏறினால் திரும்பி வருவார். மரம் அறுக்கிறவர்கள் வந்து கேட்டால் விரட்டிவிடுவார். அரசாங்கத்தில் கன்று கொடுக்கிறார்கள், வாங்கி வைக்கலாமே என்று உன் அண்ணன் சொன்னதற்கு, வச்சிட்டு, அது காய்க்கிற வரைக்கும் நீ எனக்குப் பதிலா உக்காந்திருக்கிறியா என்று கேட்டார். உன் அப்பா கொளஞ்சி என்றால் கோபக்காரன் என்று ஊர் முழுக்கப் பேர், அந்தக் கோபம்கூட இல்லாமல் ஒரு மனுஷன் வீட்டுக்குள் வளைய வந்தது எனக்குத்தான் பயமாக இருந்தது.

அப்போதுதான் பங்குனியில் நீ அந்தப் போட்டோவை அண்ணன் கம்ப்யூட்டருக்கு அனுப்பினாய். உன் குருவி ஆராய்ச்சி பங்களாவுக்குப் பின்னால், நாங்கள் கன்றாகக் கொண்டுவந்து வைத்த நம் பலா, அடிமரத்தில் கொத்தாகப் பிஞ்சு. அதைப் பார்த்த அன்றைக்கு உன் அப்பா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். பண்ருட்டியில் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு, பஸ் பாஸோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பலா மண்டி சிங்காரம் முதல் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் வரை ஒருவர் பாக்கி இல்லை, எல்லாருக்கும் காட்டியாயிற்று. எங்க அண்ணாகிராமத்துப் பலா ஊட்டிக்கு அந்தாண்ட காய்ச்சிருக்குய்யா, பனியாவது ஒண்ணாவது என்பார். சிங்காரம், மாமா, மலைப்பலான்னு பேரு வச்சி வித்துடலாம் என்றானாம், அதையும் நிஜமாகவே எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் சொன்னார். ஆனியில் நாம் போகலாம், முதல் பழத்தை அங்கேயே அறுத்து உன் பங்களாவில் எல்லாருக்கும் கொடுக்கலாம், கொட்டையை எடுத்துவந்து கிணற்று மேட்டில் போடலாம் என்று திட்டம். என் மரத்தின் பிள்ளையில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதானே. தோப்புக்குப் போவதை நிறுத்தவில்லை, ஆனால் உட்காருவதை நிறுத்திவிட்டு முள்ளை வெட்டினார், குழி எடுத்தார். எனக்கு மூச்சு வந்தது.

நீ வேலைக்குப் போன வருஷம் அந்தக் கன்றை நாங்கள் கொண்டுவந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீ கல்யாணம் ஆகிப் போகவில்லை, குருவி பார்க்கப் போனாய், அதற்கும் கன்று கொடுத்தாக வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். பெயிண்ட் டப்பாவில் இரண்டு கன்று, பஸ் மாறி பஸ் மாறி மடியிலேயே. மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஏறும்போது எனக்கு வாந்தி, உன் அப்பா டப்பாவை என்னிடம் இருந்து வாங்கிக்கொண்டாரே தவிர என் தலையைப் பிடிக்கவில்லை. உங்கள் வாட்ச்மேன் ராஜமாணிக்கம் கன்றைப் பார்த்ததும், இங்க பலா வராதுங்கம்மா, பனி கொன்னு போட்டுடும் என்றார். உன் அப்பா, வராட்டி உங்க மலை மேல தப்பு என்று சொல்லிக்கொண்டே குழி தோண்டினார். முதல் குளிரிலேயே ஒரு கன்று கருகிப் போயிற்று என்று நீ எழுதினாய். மற்றது சாகாமலும் வளராமலும் ரொம்ப நாள் குச்சியாகவே நின்றது. பிறகு மூன்று நான்கு வருஷமாக மளமளவென்று ஏறுகிறது என்றாய். நாங்கள் அதைக் கேட்டு இங்கே கல்கண்டு கொடுத்தோம். நீ மட்டும் ஏன் சந்தோஷமாகச் சொல்லவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியது, குளிரில் கிடக்கிற பிள்ளை, உடம்பு அலுப்பு என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் நீ போன் செய்தபோது நான் சிதம்பரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அன்றைக்குக் காற்று இல்லை, நீ சொன்னது எல்லாம் தெளிவாகவே கேட்டது, கேட்காமல் போயிருக்கலாம் என்று நினைத்தேன். அந்த மரம் இருக்கக் கூடாதும்மா, பழுக்கிறதுக்குள்ள எடுத்துடணும் என்றாய். பழம் வெடித்து வாசனை கிளம்பினால் கீழே இருந்து அண்டங்காக்கையும் குரங்கும் ஏறி வந்து அங்கேயே தங்கிவிடும், பழத்தைத் தின்றுவிட்டுப் பக்கத்துச் சோலைக்காட்டில் புகுந்து நீ ஆராய்ச்சி செய்கிற சிரிப்பான் குருவியின் கூட்டில் முட்டையையும் குஞ்சையும் தூக்கிவிடும், போன வருஷமே நாலைந்து காக்கை வந்து பழகிவிட்டது என்று சொன்னாய். கொட்டை விழுந்து சோலைக்குள் கன்று முளைத்தால் அப்புறம் யாராலும் தடுக்க முடியாது, நீ இன்னும் எத்தனை நாள் அங்கே இருப்பாய் என்று உனக்கே தெரியாது என்றும் சொன்னாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏன்டி, மலை முழுக்க ஓட்டலு, காரு, பிளாஸ்டிக்கு, அதையெல்லாம் வுட்டுட்டு உங்கப்பன் வச்ச ஒத்த மரம்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சிதா என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. அதெல்லாம் என் கையில இல்லம்மா, இது என் கையில இருக்கு என்றாய். அதற்குமேல் உன்னைத் திட்டாமல் போனை வைத்துவிட்டேன். வைத்தது தப்புதான், ஆனால் நீயும் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் வியாபாரி ஆயிற்றே, உடனே ஒரு வழி கண்டுபிடித்தான். அப்பாகிட்ட உண்மையச் சொல்லாதம்மா, அவரு தாங்க மாட்டாரு, பனியில மரம் கருகிடுச்சின்னு சொல்லிடலாம், முன்னாடி ஒரு கன்னு அப்படித்தான போச்சி என்றான். எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது, மறைக்காமல் சொல்கிறேன். கோயிலுக்குப் போனேன், சிவகங்கைக் குளப்படியில் உட்கார்ந்து அந்தப் பொய்யை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்லத்தான் அது எவ்வளவு கோணல் என்று தெரிந்தது. அங்கே முன்போல் பனி விழாமல் போனதால்தானே மரம் காய்த்தது, பனி விழாமல் போனதால்தானே உன் குருவிக்கு இந்தக் கதி. இல்லாத பனியின்மேல் பழியைப் போட்டால் அந்த மனுஷன் எதை நம்புவார். பலா விஷயத்தில் அவரிடம் பொய் சொல்லி யாரும் தப்பித்ததும் கிடையாது. அன்றைக்கே கடலூர் பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது உன் பேச்சைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நீ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாய், ஒவ்வொரு குருவிக்கும் மலையில் ஓர் உயரம் உண்டு, கீழே சூடு ஏற ஏற ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்கிறது, கீழே இருந்ததெல்லாம் மேலே வருகிறது, உச்சியில் இருக்கிறதுக்கு மட்டும் நகர இடம் இல்லை என்று. நான் ம் கொட்டிக் கேட்டேனே தவிர மனசில் வாங்கவில்லை. 2005 வெள்ளத்தில் சிதம்பரத்தில் உன் அண்ணன் குடியிருந்த தெருவுக்குத் தண்ணீர் வந்தபோது நாங்கள் எல்லாரும் மாடிக்கு ஏறினோமே, அது ஞாபகத்துக்கு வந்தது. முதலில் கட்டில்மேல், அப்புறம் படியில், அப்புறம் மாடியில். எங்களோடு பக்கத்து வீட்டுக் கோழி, ஆடு, ஒரு நாய், எல்லாம் ஏறிவிட்டது. அந்த நாய் கோழியைப் பிடிக்கப் பார்த்தது, உன் அண்ணன் குறுக்கே படுத்துக்கொண்டான். எங்களுக்குத் தண்ணீர் வடிந்தது, இறங்கினோம். உன் குருவிக்கு வடியாது, மாடியும் முடிந்துவிட்டது, கீழே இருந்து ஏறி வந்ததோடு ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இவ்வளவுதானே நீ சொல்வது, இதை ஏன் எனக்கு இத்தனை வருஷமாகப் புரிகிற மாதிரி சொல்லவில்லை.

இன்னொன்றும் நினைத்தேன். நான் தினம் சாப்பாட்டுக்கு முன்னால் காக்கைக்குச் சோறு வைக்கிறவள், நீ அங்கே காக்கையை விரட்டுகிறவள், நல்ல குடும்பம். புயலுக்கு மறுநாள் ஊரே சிதறிக் கிடந்தபோதும் ஒரு பிடி சோற்றைச் சுவர்மேல் வைத்தேன். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சோறு காய்ந்து எறும்பு ஏறிப் போயிற்று. மரம் விழுந்ததைவிட, வீட்டுக்கூரை போனதைவிட, கா கா என்று கூப்பிட்டு ஒன்றும் வராததுதான் என்னைக் கலக்கியது. எங்கே போயிருக்கும் என்று அப்போது தெருவில் ஒருவரும் கேட்கவில்லை, எங்களுக்கே போக இடம் இல்லை. அப்புறம் வந்துவிட்டது, மரம் இல்லாததால் கரண்டு கம்பத்தில் கூடு கட்டி லைன்மேன்காரரிடம் திட்டு வாங்குகிறது. காக்கை எப்படியும் பிழைத்துக்கொள்ளும். எல்லாமும் அப்படிப் பிழைத்துக்கொள்ளாது என்று நீ சொன்னால் நான் இப்போது மறுக்க மாட்டேன்.

அப்பாவிடம் வீட்டில் வைத்துச் சொல்லப் பயந்தேன், பாத்திரம் பறக்கும். அதனால் மறுநாள் அவரோடு நானும் தோப்புக்குப் போனேன். மலைப்பலாக் கொட்டைக்கு என்று கிணற்று மேட்டில் குழி எடுத்துக்கொண்டிருந்தார். மண்ணைக் கையில் எடுத்துக் காட்டி, பாத்தியா தங்கம், எப்படி இருக்கு என்றார். அந்த நேரத்தில் சொல்லக் கூடாதுதான், ஆனால் வேறு எந்த நேரத்தில் சொல்வது. சொல்லிவிட்டேன். நீ சொன்ன மாதிரியே, காக்கை, குரங்கு, கூடு, முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே போட்டார். ஒரு குருவிக்காக மரத்த வெட்டுவாளா உம் பொண்ணு, நாளைக்கி எறும்பு வந்து அழுதா வூட்ட இடிச்சிடுவாளா, இங்க தோப்பே போயி கெடக்கு, இருக்கிற ஒண்ணையும் வெட்டுன்னு சொல்றாளே, இவளப் படிக்க வச்சது யாரு என்று கத்தினார். நல்ல நாளில் என் பெண், கோபம் வந்தால் உம் பொண்ணு, அது உனக்குத் தெரிந்ததுதானே. பக்கத்துத் தோப்பில் இருந்து காத்தவராயன் ஓடி வந்துவிட்டான், என்னா மாமா, பாம்பா என்று. ஆமாம், பெரிய பாம்பு, நான் பெத்தது என்றார் உன் அப்பா. உள்ளுக்குள் எனக்குக் கோபமே இல்லை, அவருக்குக் கோபம் வந்ததே என்று ஆறுதலாக இருந்தது. ஆனால் வலித்தது. அது என் மரத்தின் பிள்ளை, நான் வாந்தி எடுத்துக்கொண்டு சுமந்து போனது. எனக்கும் அதை வெட்டு என்று சொல்ல வாய் வரவில்லை, வெட்டாதே என்று சொல்லவும் வரவில்லை.

அப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போட்டோவை யாருக்கும் காட்டவும் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கேள்வி வந்தது, என்னைப் பார்த்து இல்லை, சுவரைப் பார்த்து. செருப்பு மாட்டும்போது, அந்தக் குருவி என்னா துன்னும் என்பார். புழு, பூச்சி, காட்டுப் பழம் என்பேன். குளித்துவிட்டு வந்து, எத்தினி முட்டை போடும் என்பார். ரெண்டு மூணுதான் என்பேன். நாம போனப்ப வலையில மாட்டினத எடுத்து எங்கையில குடுத்தாளே, அதுவா என்றார் ஒரு நாள். அதேதான் என்றேன். அவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். நீ அன்றைக்குக் காலில் வளையம் போட்டு, கைய மூடாதப்பா, இறுக்காதப்பா என்று சொல்லிக்கொண்டே அவர் கையில் அதை வைத்தாயே, அதன் நெஞ்சு அடித்த வேகத்தில் இவர் முகம் வெளுத்துப் போயிற்று, இன்னா இப்படி அடிச்சிக்குது, பயமா என்று கேட்டார், எல்லாக் குருவிக்கும் அப்படித்தான் என்று நீ சிரித்தாய். அவர் அதை மறக்கவே இல்லை போல. அப்புறம் வியாபாரம் பேசினார். பிஞ்சிலயே பறிச்சிட்டா என்ன, மரம் பாட்டுக்கு இருக்கட்டுமே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, வருசா வருசம் யாரு ஏறிப் பறிப்பா, இவ இல்லன்னா எவன் பாப்பான், அதுவும் காய்க்கிற மரத்தப் பிஞ்சிலயே கிள்ளிக்கினே இருக்கிறது மரத்துக்கும் பாவம், நமக்கும் பாவம் என்று முடித்துவிட்டார்.

முந்தாநாள் மத்தியானம் சாப்பிடும்போதுதான் முடிவைச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நாம அங்க போனப்ப ஒத்தக் கம்பளிய ரெண்டு பேரும் இழுத்துக்கினு கெடந்தமே தங்கம், அந்தக் குளுருல பலா பூக்காது, நான் அன்னிக்கே மனசுல நெனச்சேன், கன்னா நின்னா போதும், காய்க்காதுன்னு, வெளிய சொல்லல. இப்ப காய்ச்சிருக்குன்னா அந்தக் குளுரு அங்க இல்ல. எம் பொண்ணு சொல்லியிருந்தா படிச்சவ ஏதோ சொல்றான்னு வுட்டிருப்பேன். மரமே சொல்லுது, அது பொய் சொல்லாது. இத்தினி நாளா நான் அத ஊரெல்லாம் காட்டிப் பெருமை பேசினனே, எனக்குல்ல தெரிஞ்சிருக்கணும் என்றார். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு, பலாவுக்குக் கீழ எறங்க வழி இருக்கு, அந்த மரத்துலருந்து ஒட்டுக்குச்சி எடுத்தாந்து இங்க நாட்டுக்கன்னுல கட்டிப் பாக்கலாம், அந்தக் குருவிக்கு மேல ஏற வழி இல்ல, அப்புறம் இன்னா பேச்சு, வெட்டிட வேண்டியதுதான், ஆனா எவனும் கை வைக்கக் கூடாது, நான் வச்ச மரம், நான் வர்றேன் என்றார். எம் பொண்ணு என்று சொன்னதைக் கவனித்தாயா. அப்போதே நான் பாதி அழுதுவிட்டேன், ரசத்தில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒட்டு பிடிக்குமா என்பது ஆண்டவன் விட்ட வழி. குச்சியை ஈரச் சாக்கில் சுற்றி, வாழைப்பட்டையில் கட்டி, ராத்திரி பகலாகப் பஸ்ஸில் கொண்டுவந்து கட்டுவதற்குள் பாதி காய்ந்துவிடும் என்று அவரே சொல்கிறார். ஒன்றும் பிடிக்காமல் போனால் என் மரத்தின் வழி அதோடு முடிந்தது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்துதான் வருகிறோம், அதனால் நீ போனில் அழுதுகொண்டே மன்னிப்பு எல்லாம் கேட்காதே. முதல் பழம் தின்னாமல் வெட்டுகிறோமே என்று எனக்கு நாக்கில் இல்லை, வயிற்றில் ஒரு வருத்தம் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் பக்கத்தில் மரம் வெட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது, நீ சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கலாம். வெட்டுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மரத்தின் முன்னால் போய்ச் சூடம் ஏற்றி, கொஞ்சம் பால் ஊற்றிக் கும்பிட்டு, இந்த மரத்துல குடியிருக்கிற பட்சி, பறவை, பூச்சி, பொட்டு எல்லாரும் வேற எடம் பாத்துக்குங்க, நாளைக்கி வெட்டப் போறோம், எங்க மேல குத்தம் வைக்காதீங்க என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். ஒரு ராத்திரி அவகாசம் கொடுக்க வேண்டும். வேம்போ முந்திரியோ, உன் அப்பா இதைச் சொல்லாமல் ஒரு மரத்திலும் அரிவாள் வைத்தது கிடையாது. உன் மலையிலும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்கிறார், சூடமும் வாங்கி வைத்துவிட்டார், மலையில் கிடைக்காதாம். அன்றைக்குத் தட்டில் கையை வைத்தபடியே என்னைக் கேட்டார். காக்காகிட்ட நான் சொல்லிடுவேன் தங்கம், அது எங்கியாவது போயி பொழச்சிக்கும், அந்தச் சிரிப்பான்கிட்ட முந்தின நாளு யாரு வந்து சொன்னா என்றார். நான் மோர் ஊற்றினேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அண்ணன் வந்து சேலம் பஸ் ஏற்றிவிடுகிறான். கோடாலியைச் சாக்கில் சுற்றியாயிற்று, கண்டக்டர் ஏற்றுவானா மாட்டானா என்பது அவன் பாடு, உன் அப்பா பாடு. உனக்கு முந்திரிப்பருப்பு கொண்டுவருகிறேன், நம் தோப்புடையது இல்லை, கடையில் வாங்கியது, அதற்காக முகம் சுளிக்காதே. வேலை வேலை என்று வெறும் டீயைக் குடித்துக்கொண்டு மலையேறாதே, அட்டைக்கு மூக்குப்பொடி மறக்காதே. அம்மன் அருளால் நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், நீ காவல் காக்கிற உயிரும் உன்னோடு நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அப்பா மரத்தின் முன்னால் நின்று சொல்லும்போது நீ பக்கத்தில் நில், வேறு ஒருவரும் வேண்டாம் என்று ராஜமாணிக்கத்திடமும் சொல்லிவை. சொல்லி முடித்ததும் அவர் சோலைப் பக்கம் திரும்பி அந்தக் குருவிகளிடமும் ஏதோ சொல்ல வேண்டும் என்கிறார். என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

ஆசிகளோடு
உன் அம்மா
கொ. தங்கம்மாள்